34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டர் கேமிங்குக்குத் தேவையா? வாங்கும் முன் வீட்டிலேயே சோதித்து முடிவெடுக்கும் முறை

அல்ட்ராவைடு மானிட்டர் பற்றிய குழப்பத்தில் பாதி, அளவு நாடாவை எடுத்தாலே தீர்ந்துவிடும். 2560×1440 ரெசல்யூஷன் கொண்ட சாதாரண 27 அங்குல மானிட்டரின் திரை 59.8 செ.மீ. அகலம், 33.6 செ.மீ. உயரம். 3440×1440 கொண்ட 34 அங்குல அல்ட்ராவைடின் திரை 79.7 செ.மீ. அகலம், 33.3 செ.மீ. உயரம். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிக்சல் அடர்த்தியும் இரண்டிலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109. பெட்டியில் 34 என்று போட்டிருந்தாலும் வீட்டுக்கு வருவது ஒரு 27 அங்குலத் திரையும், இடப்பக்கம் 10 செ.மீ., வலப்பக்கம் 10 செ.மீ. கூடுதல் இடமும்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: நீங்கள் விளையாடும் கேம்கள் அந்த 20 செ.மீ.யை எதைக் கொண்டு நிரப்பும்? அதை வரைய உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பு இருக்கிறதா? இரண்டுக்கும் பதிலை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், இப்போதிருக்கும் மானிட்டரிலேயே கண்டுபிடிக்கலாம்.

"34 என்றால் 32-ஐ விடப் பெரியது" என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. அது தவறு. 32 அங்குல 16:9 (அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம்; சாதாரண மானிட்டர்கள் இதுதான், அல்ட்ராவைடு ஏறத்தாழ 21:9) மானிட்டர் 70.8 செ.மீ. அகலம், 39.8 செ.மீ. உயரம், அல்ட்ராவைடைவிட ஆறரை செ.மீ. உயரமானது, மொத்தப் பரப்பளவிலும் பெரியது. அகலம் மட்டுமே அல்ட்ராவைடின் பலம். 29 அங்குல 2560×1080 மாடல்களில் இது இன்னும் மோசம்: உயரம் 28.6 செ.மீ.தான். அதாவது 24 அங்குல மானிட்டரைவிடக் குள்ளம். இப்போது 24 வைத்திருப்பவர் 29 வாங்கினால், திரை சுருங்கிவிட்டது போலவே தோன்றும். 34 அங்குலத்தில் 2560×1080 தரும் மலிவு மாடல்களையும் தவிர்த்துவிடுங்கள். அடர்த்தி அங்குலத்துக்கு 82 பிக்சலுக்கு இறங்கிவிடுவதால், மேசைத் தூரத்தில் எழுத்தின் விளிம்புகளில் பிசிறு தெரியும்.

இனி வரும் கணக்கெல்லாம் 3440×1440 கொண்ட 34 அங்குலத்துக்கானது. கேமிங்குக்கு அல்ட்ராவைடு என்று எடுத்தால் அதுவே நியாயமான அளவு.

முதல் வேலை: கேம் பட்டியல்

கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் விளையாடியவற்றை எழுதுங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை மணி நேரம் என்று காட்டும். அந்த வரிசையிலேயே எழுதினால் போதும். "இனிமேல் விளையாடலாம்" என்று வாங்கிப் போட்டவற்றைச் சேர்க்காதீர்கள்.

அகலத் திரையில் ஒரு கேம் நான்கில் ஒரு விதமாக நடந்துகொள்ளும்.

நல்ல கேம், மேலும் கீழும் உள்ளதை அப்படியே வைத்து, இருபக்கமும் கூடுதல் காட்சியைக் காட்டும். இதை ஹார்-பிளஸ் என்பார்கள். 16:9 திரையில் கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 டிகிரி என்றால், 3440×1440-இல் அது 106.7 டிகிரி ஆகும். கார் பந்தயம், விமானம், லாரி ஓட்டும் சிமுலேட்டர்களில் இந்த 17 டிகிரி பெரிய விஷயம்: பக்கத்துக் கண்ணாடியும், முந்த வரும் காரும் கண்ணுக்குள் வந்துவிடும். ஃபோர்ஸா ஹொரைசன் 5, யூரோ டிரக் சிமுலேட்டர் 2, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், சைபர்பங்க் 2077, ஜிடிஏ 5, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் எல்லாம் 21:9 திரையை முழுதாகப் பயன்படுத்துபவை.

மோசமான கேம், பக்கவாட்டுக் காட்சியை அதே அளவில் வைத்து, மேலும் கீழும் வெட்டிவிடும். இது வெர்ட்-மைனஸ். 2016-இல் வெளிவந்தபோது ஓவர்வாட்ச் இப்படித்தான் இருந்தது. அகலத் திரை வைத்திருந்தவருக்குக் குறைவாகத் தெரிந்தது.

மூன்றாவது வகை, 16:9-ஐ விட்டு நகராமல் இருபக்கமும் கறுப்புப் பட்டையைப் போட்டுவிடும். எல்டன் ரிங், கப்ஹெட் இந்த வகை. வேலரண்டும் 21:9-இல் கூடுதல் காட்சி தராது. எல்லாருக்கும் ஒரே பார்வைக் கோணம் என்பது அங்கே போட்டி நியாயத்துக்கான முடிவு.

நான்காவது, விளையாடும்போது முழுத்திரை, கதைக் காட்சி வந்ததும் கறுப்புப் பட்டை. காட்சிகளை 16:9 வீடியோவாக முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால் வேறு வழியில்லை. இது பெரிய குறையல்ல, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை சுருங்கி விரிவது சிலருக்கு எரிச்சலூட்டும்.

எந்த கேம் எந்த வகை என்பதை பிசி கேமிங் விக்கி தளத்தில் அந்தந்த கேமின் பக்கத்தில் அல்ட்ராவைடு என்ற வரியில் பார்க்கலாம். அங்கே மோட் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்பு) போட்டால் சரியாகும் என்று எழுதியிருந்தால் நிதானியுங்கள். எல்டன் ரிங்கில் கறுப்புப் பட்டையை நீக்கும் மோட் உண்டு. ஆனால் ஈஸி ஆன்ட்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அணைத்து, ஆஃப்லைனில் விளையாட வேண்டும். ஆன்லைன் கேமில் இந்த வேலையைச் செய்தால் கணக்கே தடை செய்யப்படலாம்.

கறுப்புப் பட்டை வருவதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 3440-இல் 2560 போனால் பக்கத்துக்கு 440 பிக்சல், அதாவது 10.2 செ.மீ. கறுப்பு. நடுவில் எஞ்சுவது 27 அங்குல மானிட்டரின் முழுப் படம். 27-ஐ வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் எதையும் இழக்கவில்லை. கூடுதலாகக் கொடுத்த பணம்தான் அந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது. எனவே பட்டியலில் மணி நேரக் கணக்கில் பாதிக்கு மேல் ஹார்-பிளஸ் கேம்கள் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். வேலரண்டும் சிஎஸ் 2-ம் (கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2) தான் உங்கள் மாலைப்பொழுது என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, அதே பணத்தில் அதிக ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) உள்ள 24 அல்லது 27 அங்குல மானிட்டரை வாங்குங்கள். சிஎஸ் 2 அகலத் திரையை ஏற்கும்தான். ஆனால் வரைபடம் ஒரு கோடியிலும் குண்டுக் கணக்கு இன்னொரு கோடியிலும் போய்விடும். திரை நடுவில் உள்ள குறிமுள்ளில் (கிராஸ்ஹேர்) இருந்து கண்ணை எடுக்கும் தூரம் கூடும். போட்டி மேடைகளில் 24, 25 அங்குல 16:9 திரைகளே வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒத்திகை ஒன்று: 1920×804

உங்களிடம் இருப்பது 1920×1080 மானிட்டர் என்றால், அதிலேயே அல்ட்ராவைடின் வடிவத்தை உருவாக்கிப் பார்க்கலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன், கஸ்டமைஸ், கிரியேட் கஸ்டம் ரெசல்யூஷன் என்று போய், 1920 அகலம், 804 உயரம் கொடுங்கள். ஏஎம்டி என்றால் அட்ரினலினில் டிஸ்பிளே பகுதியில் கஸ்டம் ரெசல்யூஷன் இருக்கிறது. 2560×1440 மானிட்டர் வைத்திருப்பவர்கள் 2560×1072 கொடுக்க வேண்டும். ஸ்கேலிங்கை "நோ ஸ்கேலிங்" என்று மாற்றி, அதைச் செய்வது கிராபிக்ஸ் கார்டாக இருக்கட்டும். இல்லையென்றால் படம் உயரவாக்கில் இழுபட்டு, மனிதர்கள் எல்லாம் ஒல்லியாகத் தெரிவார்கள். மானிட்டர் இந்த அளவை ஏற்காவிட்டால் திரை சில நொடி கறுத்து, தானாகவே பழையபடி திரும்பிவிடும். அப்போது கேமை விண்டோ மோடில் அதே அளவுக்கு ஓட்டுங்கள்.

மேலும் கீழும் கறுப்பு விட்டு, நடுவில் ஒரு நீளமான படம் வரும். இதை வைத்து மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, ஒரே இடத்தில் அசையாமல் நின்று 1920×1080-இல் ஒரு ஸ்கிரீன்ஷாட், 1920×804-இல் ஒன்று. இரண்டாவதில் பக்கவாட்டில் புதிதாக ஏதாவது தெரிந்தால் ஹார்-பிளஸ். பக்கம் அப்படியே இருந்து, வானமும் தரையும் காணாமல் போயிருந்தால் வெர்ட்-மைனஸ். இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு: சில கேம்களின் எஃப்ஓவி (பார்வைக் கோணம்) ஸ்லைடர் கிடைமட்டக் கோணத்தை நேரடியாகப் பிடித்துவைக்கும். அதை 90-இலேயே விட்டால், செங்குத்துக் கோணம் 58.7 டிகிரியில் இருந்து 45.4-க்கு இறங்கி, எல்லாம் முகத்துக்கு மிக அருகில் வந்ததுபோல் இருக்கும். ஸ்லைடரை 107-க்கு ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் அந்த கேமைக் குறை சொல்ல வேண்டும்.

இரண்டு, உயிர்க்கோடு (ஹெல்த் பார்), வரைபடம், ஆயுதப் பட்டியல் எங்கே போகின்றன? ஓரத்துக்கே ஓடிவிட்டால் அமைப்புகளில் அவற்றை உள்ளே இழுக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். 16:9 எல்லைக்குள் பூட்டிவைக்கும் வசதி பல புதிய கேம்களில் உண்டு. அது இல்லாத கேமை 34 அங்குலத்தில் விளையாடினால் நாள் முழுக்கக் கழுத்தும் கண்ணும் அலையும்.

மூன்று, ஓரங்களில் நிற்கும் ஆட்களின் வடிவம். தட்டையான திரையில் அகலக் கோணத்தை வரையும்போது விளிம்பில் இருப்பவை அகலவாக்கில் இழுபடும். இது கணிதத்தின் விளைவு, மானிட்டரின் கோளாறல்ல. 90 டிகிரிக் காட்சியின் ஓரத்தில் ஓர் உருவம் தன் உயரத்தோடு ஒப்பிட 1.41 மடங்கு அகலமாகும், 106.7 டிகிரியில் 1.68 மடங்கு. 49 அங்குல 32:9 திரையில் கோணம் 126.9 டிகிரிக்குப் போகும், அங்கே 2.24 மடங்கு. காக்பிட்டுக்குள் உட்கார்ந்து ஓட்டும் கேம்களில் ஓரம் பெரும்பாலும் கதவும் தூணும் என்பதால் இது உறுத்தாது. நடந்துபோகும் கேம்களில் 32:9 எனக்குச் சரியாகப்படாததற்குக் காரணம் இதுதான். 21:9 பொறுத்துக்கொள்ளக் கூடிய எல்லைக்குள் நிற்கிறது.

இந்த ஒத்திகையில் படம் சிறியதாக இருப்பதால் "மூழ்கிப்போகும் அனுபவம்" கிடைக்காது. அதை எதிர்பார்க்க வேண்டாம்; கேமின் நடத்தையை மட்டும் பாருங்கள்.

ஒத்திகை இரண்டு: கார்டுக்குத் தெம்பு இருக்கிறதா

1920×1080-இல் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 2560×1440-இல் 36.9 லட்சம். 3440×1440-இல் 49.5 லட்சம். அதாவது 1080-இல் இருந்து வருபவருக்குச் சுமை 2.39 மடங்கு, 1440-இல் இருந்து வருபவருக்கு 34 சதவீதம் கூடுதல். 4கே-யின் (3840×2160) 82.9 லட்சத்தோடு ஒப்பிட்டால் 60 சதவீதம்தான்.

1080 மானிட்டரிலேயே இந்தச் சுமையைக் கார்டின் மேல் ஏற்றிப் பார்க்கலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் பகுதியில் டிஎஸ்ஆர் ஃபேக்டர்ஸ் (பெரிய அளவில் வரைந்து, திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும் வசதி) என்பதைத் திறந்து, 2.25 மடங்கைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கேமில் 2880×1620 என்ற அளவு தோன்றும். இதில் 46.7 லட்சம் பிக்சல். 3440×1440-இன் 94 சதவீதம். கேமில் அது தென்படாவிட்டால் விண்டோஸ் டெஸ்க்டாப்பையே முதலில் அந்த அளவுக்கு மாற்றிவிட்டு கேமைத் திறங்கள். உங்கள் பட்டியலில் மிகக் கனமான கேமில், மிக நெரிசலான இடத்தில் பத்து நிமிடம் ஓட்டி, சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை படம்) "1 சதவீத லோ" எண்ணையும் (மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களின் வேகம்) குறித்துக்கொள்ளுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இரண்டையும் காட்டும். கிடைத்த எண்ணில் இன்னும் பத்து சதவீதம் கழியுங்கள். ஆறு சதவீதம் பிக்சல் வித்தியாசத்துக்கு. மீதி, ஓரங்களில் புதிதாக வரும் மரம், கட்டடம், ஆட்களுக்கு. அவற்றைத் தயார் செய்வது பிராசஸரின் வேலையும் ஆகும். பழைய பிராசஸர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால், அகலத் திரையில் நெரிசலான நகரக் காட்சியில் தடுமாற்றம் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே 1440 மானிட்டர் இருந்தால் சோதனையே வேண்டாம்: இப்போது வரும் எஃப்பிஎஸ்ஸை 0.75-ஆல் பெருக்குங்கள். நூறு வந்தால் எழுபத்தைந்து. வாங்க நினைக்கும் கார்டின் விமர்சனங்களில் 1440 எண் மட்டும் இருந்தாலும் இதே கணக்குதான்.

வந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? கதை விளையாட்டுகளுக்கு, கழித்த பிறகும் சராசரி 60-க்கு மேலும் 1 சதவீத லோ 45-க்கு மேலும் நின்றால் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழே என்றால் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரை (சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதிகள்) குவாலிட்டி நிலையில் போட்டு மறுபடி பாருங்கள். 3440×1440-இல் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி உள்ளுக்குள் வரைவது 2293×960 மட்டுமே. ஏறக்குறைய 1080-இன் சுமை. நடுத்தரக் கார்டுகள் அல்ட்ராவைடில் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் வீடியோ மெமரியை இது முழுதாகக் காப்பாற்றாது. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் நுணுக்கப் படம்) உச்சத்தில் வைத்து, ரே டிரேசிங்கையும் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறை) சேர்த்தால், சராசரி நன்றாகவே இருந்தும் திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டிப் போகும். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் சரியாகும். புதிதாகக் கார்டு வாங்குபவர் இந்த ரெசல்யூஷனுக்கு 12 ஜிபி அல்லது 16 ஜிபி பார்த்து எடுப்பது நல்லது.

அதையும் மீறி 45-ஐத் தொடவில்லையென்றால், மானிட்டருக்கு ஒதுக்கிய பணம் கார்டுக்குப் போகட்டும். வேகம் போதாத பெரிய திரை, போதுமான வேகமுள்ள சிறிய திரையைவிட மோசமாகவே விளையாடும்.

மேசை

ஒரு அட்டைப்பெட்டியை 80 செ.மீ. × 33 செ.மீ. வெட்டி, மானிட்டர் நிற்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணில் இருந்து அட்டைக்கு 70 செ.மீ. இருந்தால் அது 60 டிகிரியை அடைக்கும். தலையைத் திருப்பாமல் ஓரத்தைப் பார்க்கலாம். 60 செ.மீ. என்றால் 67 டிகிரி. அதற்கும் நெருக்கமானால் மூலையில் உள்ள எழுத்துக்குத் தலை திரும்பும். பிரச்சினை மேசையின் ஆழம்: அல்ட்ராவைடு ஸ்டாண்டின் கால்கள் முன்னும் பின்னுமாக 25 செ.மீ.க்கு மேல் பிடித்துக்கொள்ளும், திரை சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கும். 60 செ.மீ. ஆழமுள்ள கம்ப்யூட்டர் மேசையில் விசைப்பலகையையும் வைத்தால் நெருக்கமாகிவிடும். மானிட்டர் ஆர்ம் போடுவதுதான் தீர்வு. ஆனால் ஆர்ம் தாங்கும் எடையை, ஸ்டாண்ட் இல்லாத திரையின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய மானிட்டருக்கான மலிவு ஆர்ம், வளைந்த கனமான திரையை மெல்ல மெல்லக் கீழே தொங்கவிடும்.

வளைவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1800 ஆர் என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 34 அங்குலத்துக்கு 1500 முதல் 1800 வரை போதும். 800, 1000 எல்லாம் கேமில் பழகிவிடும். நேர்கோடு வரைந்து வேலை செய்பவருக்குக் கோடு வளைந்தே தெரியும்.

எந்தப் பேனல்

விலை குறைந்த 34 அங்குல மாடல்களில் பெரும்பாலானவை விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை; ஐபிஎஸ் இன்னொரு வகை). கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்குமான ஒளி விகிதம்) 3000:1 அளவில் இருப்பதால் இருட்டுக் காட்சிகள் அழகு. ஆனால் கறுப்பில் இருந்து சாம்பலுக்கு மாறும் பிக்சல்கள் மெதுவானவை, இருட்டில் ஓடும்போது உருவங்களின் பின்னால் கறுப்பு இழுபடும். ஐபிஎஸ்ஸில் அந்த இழுவை இல்லை, ஆனால் கான்ட்ராஸ்ட் 1000:1-ஐ ஒட்டியே இருக்கும், இருட்டு அறையில் மூலைகள் வெளுத்துத் தெரியும்.

2022-இல் ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ வந்ததில் இருந்து ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) அல்ட்ராவைடு சாத்தியமாகியிருக்கிறது. கேமுக்கு மட்டும் என்றால் அதற்கு ஈடில்லை. வாங்கும் முன் மூன்று விஷயம். கியூடி-ஓஎல்இடி (அந்த ஏலியன்வேரில் உள்ள ஓஎல்இடி வகை) திரையின் கறுப்பு, மேலே டியூப் லைட் எரியும் அறையில் ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். பகலில் ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது. துணைப்பிக்சல்களின் அமைப்பு வேறு என்பதால் எழுத்தின் ஓரத்தில் நிறக் கீற்று தெரியும். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் நிரல் எழுதுபவருக்கு இது தொல்லை. மூன்றாவது, முன்னே சொன்ன கறுப்புப் பட்டை: மாதக்கணக்கில் 16:9 கேமையே ஓட்டினால் நடுப்பகுதி தேயும், ஓரங்கள் தேயாது, பிறகு முழுத்திரையில் அந்த எல்லை தெரியத் தொடங்கலாம். உங்கள் பட்டியலில் பட்டை போடும் கேம்கள் அதிகம் என்றால் ஓஎல்இடி வேண்டாம். வாங்குவதானால் வாரண்டியில் பர்ன்-இன் (இப்படித் தேய்ந்து தடம் விழுவது) சேர்ந்திருக்கிறதா என்பதை இந்தியாவுக்கான வாரண்டித் தாளிலேயே படியுங்கள். வெளிநாட்டு விமர்சனத்தில் சொன்னது இங்கே பொருந்தாமல் போகலாம்.

பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும்

இரண்டும் 21:9 தராது. கன்சோல்தான் முதன்மை என்றால் அல்ட்ராவைடை மறந்துவிடலாம். பிசியோடு எப்போதாவது பிஎஸ் 5-ஐயும் மாட்டுபவர் என்றால், அந்த மானிட்டர் எச்டிஎம்ஐ வழியாக 2560×1440-ஐ ஏற்குமா, 16:9 வடிவத்தை இழுக்காமல் காட்டும் அமைப்பு அதன் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது இல்லையென்றால் படம் 1080-க்கு இறங்கி மங்கும். இரண்டாவது இல்லையென்றால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

யூடியூபில் நேரலை செய்பவருக்கும் ஒரு சிக்கல்: பார்ப்பவரின் ஃபோன் திரையில் 21:9 படம் சின்னக் கீற்றாகத் தெரியும். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் கேன்வாஸை (படச் சட்டம்) 2560×1440 வைத்து இருபக்கமும் 440 பிக்சல் வெட்ட வேண்டும். உயிர்க்கோடு ஓரத்தில் இருந்தால் அதுவும் வெட்டுப்படும்.

பெட்டி வந்த அன்று

பிரிப்பதை வீடியோ எடுங்கள்; பேனலில் விரிசல் இருந்தால் மாற்றிக் கேட்க அதுதான் ஆதாரம். பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிள் இருந்தாலும் டிஸ்பிளேபோர்ட்டையே மாட்டுங்கள். எச்டிஎம்ஐ 2.0-இல் இந்த ரெசல்யூஷனுக்குப் பொதுவாக 100 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், டிஸ்பிளேபோர்ட் 1.4 என்றால் 10 பிட் நிறத்திலும் 144 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டைக் கையால் மாற்றுங்கள். 60-இலேயே விட்டுவிட்டு "வித்தியாசமே இல்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை: விளக்கை அணைத்து முழுக் கறுப்புப் படத்தில் ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பது, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் செத்த பிக்சல் தேடுவது, ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை (திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு இணைக்கும் வசதி) இயக்கி, லோடிங் திரையிலும் மெனுவிலும் வெளிச்சம் துடிக்கிறதா என்று கவனிப்பது. இந்தத் துடிப்பு விஏ, ஓஎல்இடி இரண்டிலும் வரக்கூடியது. எஃப்பிஎஸ் திடீரென ஏறி இறங்கும்போது அதிகம். எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கும். அப்படியும் அடங்காமல், இருட்டுக் காட்சியில் விளையாடும்போதே கண்ணை உறுத்தினால் கெடு இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.